பாதித் தளம் இறுகவில்லை

எங்கள் ஊர்க் கட்டடப் பொறியாளர்கள் சேர்ந்து, வீடு கட்டப் போகிறவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். கான்கிரீட் போடுவதற்கு முன் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பத்து விஷயங்களை எழுதித் தரவேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். வந்த இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். செருப்பை வாசலில் விட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் பத்து என்று யார் முடிவு செய்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. என்னிடம் ஏழுதான் இருந்தால் மீதி மூன்றுக்கு நான் எங்கே போவது? நடந்ததை எழுதித் தருகிறேன், அதில் பத்தோ இருபதோ நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எழுத ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. போன மாதம் எங்கள் தெருக் கோடியில் ஒரு வீட்டுக்கு, வயிறு சுழலும் அந்தப் பெரிய லாரி வந்தது. கலவையை எங்கிருந்தோ கலந்தே கொண்டுவந்து, குழாய் வழியாக மேலே ஏற்றி, காலைப் பலகாரம் செரிப்பதற்குள் தளத்தை முடித்துவிட்டார்கள். நாங்கள் முப்பது பேர் வரிசையாக நின்று ஒரு நாள் முழுக்கச் சட்டி மாற்றிய வேலை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் கழுத்தெலும்பைக் கேட்டால், அந்த லாரி இன்னும் முப்பது வருஷம் முன்னால் வந்திருக்கலாம் என்றுதான் சொல்லும். எனக்குக் கோபம் வந்தது வீட்டுக்காரர் மேல். அவர் லாரிக்காரரிடம் போய், "இன்னும் கொஞ்சம் தண்ணி உட்டுக்கப்பா, சரசரன்னு எறங்கும்" என்றார். இதே வார்த்தையை நான் எத்தனையோ வீட்டுக்காரர்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

என் பெயர் தேசம்மா. கே.ஜி.கண்டிகைப் பக்கம் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். இருந்த நிலம் அண்ணன்மார் பங்குக்கே போதவில்லை. எட்டாவது முடித்து, வீட்டில் சில வருஷம் இருந்துவிட்டு, பதினாறு வயதில் திருத்தணியில் சித்தாள் வேலைக்குப் போனேன். அறுபதுகளில் மலையடிவாரத்தில் யாத்திரிகர்கள் தங்கும் விடுதிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. முதல் ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சும்மாடு, சட்டி, ஏணி, திரும்பவும் சட்டி. நடுவில் கல்யாணமும் ஆனது, ஒரு பிள்ளையும் பிறந்தது.

ஆனால் அந்த ஆறு வருஷத்தில் மேஸ்திரிகளுக்குத் தெரியாத ஒன்றை என் தலை தெரிந்துகொண்டது. கலவையில் தண்ணீர் கூடிவிட்டால் முதலில் அது சுமக்கிறவளுக்குத்தான் தெரியும். நல்ல கலவை சட்டியில் சொன்னபடி கேட்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் கூடிய கலவை ஏணியில் ஏறும்போது அலம்பும். சிமெண்டுப் பால் விளிம்பில் வழிந்து கழுத்தில் இறங்கி முதுகு முழுக்க ஓடும், சாயந்திரம் குளிக்கும்போது எரியும். எரிச்சல் போகட்டும், சித்தாள் தோலுக்கு யார் கவலைப்பட்டார்கள்? ஆனால் அந்தப் பாலில்தான் சிமெண்டின் பலம் இருக்கிறது. அது என் முதுகில் வழிந்து போய்விட்டால் வீட்டுக்காரர் தலைக்கு மேலே ஜல்லியும் மணலும்தானே மிஞ்சும்?

இதை நான் முதலில் சொன்னது ஓவர்சியர் செங்கல்வராயன் சாரிடம். சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை, காட்டினேன். அவர் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தனியாகக் கட்டடங்கள் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒல்லியான ஆள், டயர் செருப்பு, எந்நேரமும் ஒரு கறுப்புக் குடை. பேரில் செங்கல், கையில் சிமெண்டு என்று ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது தப்பு செய்தால் பக்கத்தில் போய் நிற்பார், குடையை மடக்குவார், "ஏன்?" என்று கேட்பார். பதில் வரும் வரைக்கும் அங்கேயே நிற்பார். கெட்ட வார்த்தையில் திட்டினால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆட்கள்கூட, அந்த "ஏன்" முன்னால் வேர்த்துப் போவார்கள்.

ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் மேஸ்திரி குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக் கலவையைக் கஞ்சியாக்கிக்கொண்டிருந்தார். நாலு நடை தூக்கினேன். ஐந்தாவது நடையில் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இத நான் தூக்க மாட்டேன்" என்றேன். மேஸ்திரி தாம்தூம் என்று குதித்தார். சார் வந்தார், குடையை மடக்கினார், என்னைப் பார்த்து "ஏன்?" என்றார். திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். ரவிக்கை முழுக்க வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவர் குனிந்து சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்தார். விரல் சந்தில் தண்ணீர் சொட்டியது. கையை விரித்ததும் உருண்டை சரிந்துவிட்டது. நல்ல கலவையாக இருந்தால் உருண்டை உள்ளங்கையில் நிற்க வேண்டும், உதிரவும் கூடாது, வழியவும் கூடாது. அவர் கையைக் கழுவிக்கொண்டே, "நாளையிலேர்ந்து ஒனக்கு சட்டி வேணாம். தண்ணிய நீ பாத்துக்கோ" என்றார்.

அன்றிலிருந்து நான் தண்ணிக்காரி. ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தகர டின்னில் ஆணியால் கோடு கீறிக் கொடுத்தார். என் கையால் ஊற்றினால்தான் தண்ணீர். மணல் ஈரமாக இருக்கிற நாளில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. கலக்குகிற ஆண்களுக்கு என்மேல் எரிச்சல். கெட்டிக் கலவையைக் கிளறுவது லேசான வேலை இல்லை, தோள் கழன்றுவிடும். கஞ்சத் தண்ணி என்று எனக்குப் பேர் வைத்தார்கள். "தேசம்மா ஊட்ல கொழம்புகூட கெட்டியாத்தான் இருக்கும்" என்பார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த டின்னை நான் என் பிள்ளையைவிடப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று என் வீட்டுக்காரர் குறைபட்டுக்கொண்டது உண்மைதான்.

அப்படிப் பெருமை பிடித்து அலைந்தவளுக்கு ஒரு பாடம் வந்து சேர்ந்தது. அது அம்மையார்குப்பத்தில், எழுபதுகளின் பிற்பாதியில்.

முனிரத்தினம் என்று ஒரு நெசவாளி. அவர் மனைவி மங்கம்மா. இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு குழித்தறி. பழைய வீடு தாழ்வான ஓட்டு வீடு, தரையும் தெருவைவிடப் பள்ளம். ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி நிற்கும், மேலே ஓடு ஒழுகி, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் நனையும். வருஷத்தில் ஒன்றரை மாதம் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். அதனால் பின்பக்கம் தரையை உயர்த்தி, இரண்டு தறி போடுகிற மாதிரி ஒரே நீள அறையாக, கான்கிரீட் தளத்தோடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். மழைக்கு முன்னால் தறியை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஒரே நினைப்பு.

அப்போது சிமெண்டு கடையில் போய் வாங்கிவிடுகிற சரக்கு இல்லை. தாலுகா ஆபீசில் மனுப் போட்டு, பெர்மிட் கிடைத்தால்தான் மூட்டை. முனிரத்தினம் அதற்காக ஏழு மாதம் நடந்தார். தளத்துக்கு வேண்டிய மூட்டைகள் ஒருவழியாக வந்தபோது, மங்கம்மா அவற்றைத் தறிக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு அடுக்கி, மேலே சாக்குப் போர்த்தி வைத்திருந்தார். இந்தச் சிமெண்டு வீணானால் அடுத்த பெர்மிட்டுக்கு அடுத்த வருஷம்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தளம் போடும் நாள் நல்லபடியாகத்தான் விடிந்தது. சார் முதல் நாளே வந்து எல்லாம் பார்த்திருந்தார். மணலை உள்ளங்கையில் தேய்த்து வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்துப் பார்த்தார், கறை ஒட்டியது, இரண்டு முறை கழுவ வைத்தார். கம்பிக்கு அடியில் கவர் கட்டை வைத்திருக்கிறதா என்று மண்டி போட்டுப் பார்த்தார். கம்பி பலகையில் படுத்துவிட்டால் நாளைக்கு அடியில் துருப்பிடித்துக் காரை விழும். நான் வயல் கிணற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவரச் செய்து நாலு தார் பீப்பாயில் நிரப்பினேன். கிழக்குக் கோடியில் கற்பூரம் காட்டி முதல் சட்டியைக் கொட்டினோம். பதினொரு மணிக்குப் பாதித் தளம் முடிந்தது, இரண்டு பீப்பாய் காலியாகியிருந்தது. வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீயும் பட்டாணி சுண்டலும் கொடுத்தார். தெருவில் நின்று குடித்தோம், நானும்தான். பிறகு மீதிப் பாதியையும் முடித்து, மட்டப் பலகை இழுத்து, சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பினோம். கடைசி பீப்பாய்மேல் ஈ மொய்த்தது. சுண்டல் கை என்று நினைத்து விரட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போனேன். தளத்தின்மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது என் வேலை. கிழக்குக் கோடியில் ஏறி நடந்தேன், கெட்டியாக இருந்தது. நடுவைத் தாண்டி இரண்டாவது அடி வைத்தேன். கால் புதைந்தது. ஐந்து விரலும் பதிந்து, நாற்று விடத் தயாரான சேற்றில் மிதித்த மாதிரி இருந்தது. குனிந்து கையால் தொட்டுப் பார்த்தேன். மேற்குப் பாதி முழுக்க அப்படியே பச்சையாக இருந்தது.

திருத்தணிக்கு ஆள் அனுப்பினோம். சார் வருவதற்குள் தெருவே கூடிவிட்டது. முனிரத்தினத்தின் அக்கா புருஷன், ஆர்.கே.பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், அவரும் விஷயம் கேள்விப்பட்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். சார் மேலே ஏறி, செருப்பைக் கழற்றி, ஒரு ஆணியை எடுத்து அடிக்கு ஒரு இடமாகக் குத்திக்கொண்டே போனார். கிழக்கே ஆணி இறங்கவில்லை. மேற்கே வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.

"இது வரைக்கும் எப்போ போட்டோம்?" என்றார்.

"டீக்கு முன்ன, சார்."

"சிமெண்டு அதே சிமெண்டு. மணல், ஜல்லி, ஆளு எல்லாம் அதேதான். டீக்கு அப்புறம் இன்னா மாறிச்சு?"

யோசித்தேன். "தண்ணி சார். வேற பீப்பா" என்றேன். தண்ணீர் என்னுடையது.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தோம். கடைசி பீப்பாயின் அடியில் ஒரு சாண் தண்ணீர் மீந்திருந்தது. விளிம்பு முழுக்க எறும்பு. ஒரு வரிசை பீப்பாயிலிருந்து இறங்கி, சுவரோரமாகப் போய், சமையல்கட்டு வாசலில் நின்றது. அங்கே மங்கம்மா நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தாங்க ஊத்தினேன்" என்றார். "வெல்லமும் கடுக்காயும். மூணு நாளா பானையில ஊற வெச்சிருந்தேன். நீங்கள்லாம் டீ குடிச்சிகினு இருந்தப்போ ரெண்டு பீப்பாயிலயும் பாதிப்பாதியா ஊத்திட்டேன். எங்க நைனா சுண்ணாம்பு வேலக்காரரு. அவரு அப்டித்தான் செய்வாரு. அவரு போட்ட மாடி இன்னிக்கும் ஒரு சொட்டு ஒழுகாம நிக்குது. இதுவும் அப்டி நிக்கட்டுமேன்னுதான்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வாரம் முன்பு, கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது, மங்கம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "தேசம்மா, வெல்லத் தண்ணி எப்போ ஊத்துவீங்க?" நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாக்கா, தளம் போடறோமா பாயசம் காய்ச்சறோமா?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். சுண்ணாம்புக்கு வெல்லம் நல்லது, சிமெண்டுக்கு அது ஆகாது, சிமெண்டை இறுகவிடாது என்று இரண்டு வார்த்தை நான் சொல்லவில்லை. எனக்கு இது தெரியாததல்ல. கலக்குகிற இடத்தில் சர்க்கரை மூட்டைச் சாக்குகூட வைக்கக் கூடாது என்று சார் சொல்லிக் கொடுத்திருந்தார்.

துணிக்கடைக்காரர் முனிரத்தினத்தைத் தனியாக இழுத்தார். சத்தம் எங்களுக்கும் கேட்டது. "இத பாரு, இன்னிக்கே ஈரமா இருக்கச்சயே வாரிக் கொட்டிடு. கம்பியாவது மிஞ்சும். இவங்க பேச்சக் கேட்டு நாலு நாள் வெச்சிகினு, அப்புறம் அது அரையும் கொறையுமா நின்னுச்சுன்னா ஒடைக்கறதுக்குள்ள கம்பியும் போச்சு, பலகையும் போச்சு." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

முனிரத்தினம் சாரிடம் வந்தார். "இறுகுமாங்க?"

"எனக்கு நிச்சயமா தெரியாது" என்றார் சார். ஒரு ஓவர்சியர் நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "கொஞ்சமா போனா இறுகறத தள்ளிப் போடும். நெறைய போனா கெடுத்துடும். இப்டித்தான் படிச்சிருக்கேன். எவ்ளோ வெல்லம்மா?"

மங்கம்மா இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். தேங்காய் அளவு ஒரு கட்டி. சார் பீப்பாயைப் பார்த்தார், மூட்டைக் கணக்கை மனதுக்குள் போட்டார். பிறகு வீட்டில் மீந்திருந்த அரைச் சட்டி சிமெண்டைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு மண் கிண்ணம். ஒன்றில் பீப்பாய்த் தண்ணீரிலும், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீரிலும் அதே அளவில் சிமெண்டும் மணலும் குழைத்து, ஈரச் சாக்குப் போர்த்தி வெயிலில் வைத்தார்.

"வெயில் சூட்டுக்கு கிண்ணம் மொதல்ல சொல்லும். தளம் அப்புறமா சொல்லும். கிண்ணம் நாளான்னிக்கு வரைக்கும் இறுகலன்னா நானே கடப்பாற எடுத்துகினு வர்றேன். அது வரைக்கும் தளத்த அடியில தாங்கற முட்டுக் கட்டைங்களத் தொடாதீங்க. தளத்த காய உடாதீங்க. காஞ்சு போறது வேற, இறுகறது வேற. காய உட்டா எப்பவுமே இறுகாது."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"காத்திருக்கலாங்கண்ணா. தண்ணி என் பொறுப்பு. இது இறுகற வரைக்கும் நான் இங்கியே கீறேன்" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மங்கம்மா தலையைக் குனிந்துகொண்டார். "பாவா, நாலு நாள் பாக்கலாம்" என்றார் முனிரத்தினம், அக்கா புருஷன் பக்கம் திரும்பி. துணிக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கேயே தங்கினேன். மங்கம்மா சோறு போட்டார், நான் சாப்பிட்டேன், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பச்சைக் கான்கிரீட்டில் நேராக வெயில் படாமல் இருக்க, மேற்குப் பாதிக்கு மேலே மூங்கில் கட்டித் தாழ்வாக ஓலைப் பாய் போட்டோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், பூவுக்குத் தெளிப்பது போல் தண்ணீர் தெளித்தேன். இரண்டாம் நாள் காலை ஆணி இறங்கியது. சாயந்திரமும் இறங்கியது. நல்ல தண்ணீர்க் கிண்ணம் கல்லாகிவிட்டது, வெல்லத் தண்ணீர்க் கிண்ணம் பிசைந்த மாவாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம், சொல்லிவைத்த மாதிரி, வானம் கறுத்தது. இறுகாத தளத்தில் மழை விழுந்தால் சிமெண்டு கழுவிக்கொண்டு போய்விடும், கிண்ணம் என்ன சொன்னாலும் பிரயோசனம் இல்லை. அந்தத் தெருவில் நெசவாளிகள் பாவுக்குக் கஞ்சி போட்டு நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேகத்தைப் பார்ப்பதில் அவர்களுக்குச் சமமான ஆள் கிடையாது, கஞ்சிப் பாவு நனைந்தால் அவர்கள் பிழைப்பும் கெடும். பரபரவென்று பாவைச் சுருட்டி உள்ளே சேர்த்தார்கள். நான் காற்றில் தூக்கும் ஓலைப் பாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஒற்றை ஆளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால், பாவைப் போர்த்துகிற தார்ப்பாயோடு ஏழெட்டுப் பேர் ஏணியில் ஏறி வருகிறார்கள். முனிரத்தினத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் அதில் ஒருவர். தார்ப்பாயைத் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்து, தளத்தைச் சுற்றிச் சுவர் விளிம்பில் வரிசையாக நின்றோம். அரை மணி நேரம் நல்ல மழை. ஒருவரும் கையை இறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் கிண்ணத்தை அழுத்தினேன். விரல் பதியவில்லை. நகத்தால் கீறினேன், லேசாகக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். மங்கம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், திரும்ப அழுத்தினார், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் ஒன்னப் பாத்து சிரிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றேன். "நானும் ஒன்னக் கேக்காம ஊத்தியிருக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் பேசினோம்.

ஐந்தாம் நாள் காலை தளத்தில் ஆணி வளைந்தது.

ஆனால் சார் அத்தனை லேசில் விடவில்லை. சாதாரணமாக இரண்டு வாரத்தில் எடுக்கிற முட்டுகளை நாலு வாரத்துக்குப் பிரிக்கக் கூடாது என்றார். அந்த நாலு வாரமும் மேலே பாத்தியில் தண்ணீர் நின்றது. முட்டு பிரிக்கிற அன்றைக்கு முனிரத்தினத்திடம் நல்ல முறுக்கு நூலாக ஒன்று கேட்டு வாங்கி, தளத்துக்கு அடியில் சுவருக்குச் சுவர் விறைப்பாகக் கட்டினார். நூலுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. துணிக்கடைக்காரரும் வந்திருந்தார். ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்தார்கள். சார் ஒரு முக்காலியைத் தளத்தின் நடுவுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடைசி முட்டும் போனது. மேலே மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு நாள் வைத்தார்கள். மறுநாள் முனிரத்தினம் தானே விரலை நுழைத்துப் பார்த்தார். இடைவெளி அப்படியே இருந்தது. "நூலு பொய் சொல்லாது பாவா" என்றார். துணிக்கடைக்காரர் தானும் ஒரு விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "ஆங், சரிதான்" என்றார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். குடையை மடக்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தம்மா கேட்டப்போ நீ சிரிச்சியாமே. ஏன்?"

பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ் வரைக்கும் அவர் நின்றார். "எல்லாம் எனக்குத் தெரியும்ன்ற திமிரு சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த வருஷங்கள் முழுவதும், பிறகு சொந்தமாகக் கான்கிரீட் கேங் நடத்திய காலத்திலும், ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தளம் போடுவதற்கு முதல் நாள் அந்த வீட்டுப் பெண்களையும் ஆண்களையும் உட்கார வைத்துப் பேசுவேன். நாளைக்குக் கலவை கெட்டியாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும், தண்ணீர் விடச் சொல்லாதீர்கள். ஆட்களுக்குப் போடுகிற பிரியாணி ஏற்பாட்டை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, நீங்கள் தண்ணீர்ப் பீப்பாய்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மறுநாளிலிருந்து பத்து நாளாவது தளம் நனைந்தபடியே இருக்க வேண்டும், அதற்கு வீட்டில் யார் பொறுப்பு என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். முட்டுப் பிரிக்கும் நாளை நாங்கள் சொல்வோம், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு எங்களை அவசரப்படுத்தாதீர்கள். கடைசியாக, நீங்கள் எதையாவது கலக்க ஆசைப்படுகிறீர்களா என்று கேட்பேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், பாதி வீடுகளில் ஏதாவது இருக்கும். மலையிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தம், அபிஷேகப் பால், திருவாலங்காட்டுக் கரும்புச் சாறு. கேட்டால்தான் சொல்வார்கள். அதை வாங்கி வாசல்படி மண்ணில் ஊற்றச் சொல்வேன். ஒருவரையும் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.

முனிரத்தினம் வீட்டுக்குத் தளம் போட்ட அந்த வருஷ ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக விடவில்லை. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மையார்குப்பம் பஸ் ஏறிப் போனேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். பாதி வீடுகளில் தறிச் சத்தம் இல்லை. முனிரத்தினத்தின் பழைய ஓட்டு வீட்டுக்குள் நாலைந்து பாத்திரங்களில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் பின்பக்கம் போனேன். புது அறையில் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்றேன். மங்கம்மா குழியில் உட்கார்ந்து, காலால் மிதித்துக்கொண்டே, நூல் சுற்றிய நாடாவை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"இன்னா தேசம்மா, இப்டி நனஞ்சிகினு வந்துகீற" என்றார். "வெளிய மழயா?"